துருவத்துச் சேறும் என் மனைவியின் இருமலும்

போன வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில், ஜேர்மனியின் வடகடல் ஓரத்துத் துறைமுக நகரம் ஒன்றில் இது நடந்தது. நானும் மனைவியும் இன்றும் அங்கேதான் வசிக்கிறோம். பெப்ரவரி மாதம். கடல்காற்று ஜன்னல்களைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்த நாட்கள்.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து சிறுவயதிலேயே அப்பா அம்மாவோடு அகதியாக வந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், தொழிற்கல்வி முடித்து, ஒரு கடல் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராக வேலை செய்பவன். மனைவி ஒரு கிண்டர்கார்டன் சமையலறையில் வேலை பார்த்தாள். திடீரென்று ஒருநாள் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. பார்த்தால் இரண்டு சிறுநீரகங்களும் அனேகமாகக் கைவிட்டிருந்தன. அதற்குப் பிறகு வருடக்கணக்காக டயலிசிஸ் இயந்திரம்தான் எங்கள் நாட்காட்டி. கலியாண வீடு, பிறந்தநாள், ஊர்ப் பயணம் எல்லாம் அந்த இயந்திரத்தைக் கேட்டுத்தான்.

கடைசியில், அந்தக் குளிர்காலத்துக்கு முந்திய கோடையில், வைத்தியசாலையிலிருந்து தொலைபேசி வந்தது. இறந்துபோன யாரோ ஒருவரின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்துகிறது, உடனே புறப்பட்டு வாருங்கள் என்றார்கள். அந்த மனிதர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. டயலிசிஸ் காலத்தில் தண்ணீரைக்கூட அளந்து குடித்தவள், மறுபடி நினைத்த நேரம் தேத்தண்ணீர் குடித்தாள். அதைப் பார்க்கவே எனக்கு ஆசையாக இருக்கும்.

புதிய சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்று நினைத்துத் தாக்கக்கூடாது. அதற்காக உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மருந்தால் அடக்கி வைக்கிறார்கள். வீட்டு நாயைக் கட்டிப்போட்டு விருந்தாளியை உள்ளே விடுவது போல. விருந்தாளி வருவார்தான். ஆனால் நாய் கட்டிக் கிடக்கும்போது கள்ளனும் வரலாம். ஆகவே வீட்டுக்குப் போகும் முன் ஒரு தாதி எங்களை இருத்தி வைத்துப் பொறுமையாகப் படிப்பித்தார். பச்சை மீன் கூடாது, பூஞ்சணம் பிடித்த பாலாடைக்கட்டி கூடாது, பறவைக்கூடு கூடாது, கட்டட வேலை நடக்கும் தூசிக்குள் போகக்கூடாது. பூச்சட்டிகள் வீட்டுக்குள் வேண்டாம், மண்ணைத் தொட வேண்டாம், மண்ணில் பூஞ்சணத்தின் கண்ணுக்குத் தெரியாத வித்துகள் இருக்கும் என்றார். வீட்டில் செடி ஏதும் உண்டா என்று கேட்டார். ஒரு ஓர்கிட், ஒரு மணிபிளான்ட், அவளுடைய வேலைத்தலத்துத் தோழிகள் கொடுத்த ஒரு கள்ளி என்று கணக்காகச் சொன்னேன். அந்தக் கிழமையே மூன்றையும் கீழ்வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த டெர்மினில், அதாவது வைத்தியசாலையில் நேரம் குறித்துத் தந்த நாளில், தாதி மறக்காமல் கேட்டபோது, இனி வீட்டில் ஒன்றும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

இனி என் வேலையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பயம் அங்கிருந்துதான் தொடங்கியது.

எங்கள் ஆய்வுகூடத்துக்குத் துருவக் கரைகளிலிருந்து கடலடிச் சேறு வரும். நீண்ட குழாய்களுக்குள் உறைந்துபோய், கப்பலில் வரும். அந்தச் சேற்றுக்குள் என்னென்ன பூஞ்சணங்கள் வாழ்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கும் கறுப்புச் சேற்றில் பூஞ்சணமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் கேட்டேன். ஆனால் கிடக்கின்றன, விதம்விதமாகக் கிடக்கின்றன. பலவற்றுக்கு இன்னும் பெயரே இல்லை. சோதனைக் கண்ணாடித் தட்டில் வளர்ந்து நிற்கும், எந்தப் பட்டியலோடு ஒப்பிட்டாலும் பொருந்தாது. அப்படியானவற்றுக்கு ஒரு இலக்கத்தை மட்டும் எழுதி வைப்பேன்.

சேறு இரண்டு இடங்களிலிருந்து வந்திருந்தது. ஒன்று, மனிதர்கள் தங்கி ஆராய்ச்சி செய்யும் ஒரு நிலையத்தின் இறங்குதுறைக்குப் பக்கத்திலிருந்து. அங்கே கப்பல் வரும், கட்டடத்துக்காகக் கரையைத் தோண்டுவார்கள், கழிவுநீரும் கொஞ்சம் போய்ச் சேரும். மற்றது, மனிதக் கால் அனேகமாகப் படாத ஒரு தூரத்து விரிகுடாவிலிருந்து. மனிதர்கள் போய் இருப்பதால் இறங்குதுறைச் சேற்றின் வாழ்க்கை எவ்வளவு குழம்பியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

மனைவிக்கு இது ஒரு பெரிய பகிடி. "எங்கட பாணில வாற பூஞ்சணத்தைப் பாக்காமல், வடதுருவத்துக்குப் போயோ தேடுகினம்?" என்று கேட்பாள். நான் வேலை முடிந்து வந்தால், வாசலிலேயே மறித்து, "பூஞ்சணக்காரர் குளிச்சிட்டுத்தான் வாறாரோ?" என்பாள். பகிடியாகக் கேட்டாலும் நான் உண்மையிலேயே குளித்துவிட்டுத்தான் வருவேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம் அது. வேலை உடுப்பு வேலைத்தலத்தோடு, வேலைச் சப்பாத்து வேலைத்தலத்தோடு.

பெப்ரவரியில் அவளுக்கு இருமல் தொடங்கியது. சாதாரணத் தடிமன் என்று நினைத்தோம். பிறகு காய்ச்சல். பிறகு படியேறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அன்றே கூட்டிக்கொண்டு போனேன். உடனே படுக்கையில் சேர்த்து, ஸ்கான் எடுத்தார்கள். வைத்தியர் திரையைத் திருப்பிக் காட்டினார். வலது நுரையீரலில் ஒரு வெள்ளைத் திட்டு, அதைச் சுற்றி மங்கலான ஒரு வளையம்.

பூஞ்சணமாக இருக்கலாம் என்றார்.

அவர் தொடர்ந்து பேசினார். நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பரிசோதிப்போம், முடிவு வரச் சில நாட்கள் எடுக்கும், ஆனால் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குகிறோம் என்றார். வழக்கமான வகை என்றால் இந்த மருந்து கேட்கும். அரிதான வகை ஏதாவது என்றால் சொல்ல முடியாது. அதோடு இந்த மருந்து சிறுநீரக மருந்தோடு மோதும், ஆகவே சிறுநீரகத்தையும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு, மிகச் சாதாரணமாக, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இன்னொரு வைத்தியரை அழைத்து வந்தார். அவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். துருவத்துச் சேறு, பெயரில்லாப் பூஞ்சணம் என்று சொல்லும்போது என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அன்று ரயிலில் வீட்டுக்கு வரும்போது என் மனதில் ஒரே ஒரு நினைவுதான். பெயர் இல்லாத ஒன்றுக்கு மருந்து எப்படி இருக்கும்? நான் இலக்கம் எழுதி ஒட்டி வைத்த ஏதோ ஒன்று, என் தலைமுடியிலோ நகக்கண்ணிலோ ஒட்டிக்கொண்டு, எங்கள் படுக்கையறை வரை வந்து, அவளுடைய நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. யாரோ ஒருவர் செத்துக் கொடுத்துவிட்டுப் போன உயிரை நான் என் கையால் கெடுத்துவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன். எதிரே இருந்த ஒரு பெண் தன் பிள்ளையைக் கொஞ்சம் நகர்த்தி இருத்தினார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை எங்கள் குழுத் தலைவியின் அறைக்குப் போனேன். அவர் ஒரு ஜேர்மன் பெண்மணி, அதிகம் சிரிக்காதவர், துருவத்துக்குப் பலமுறை போய் வந்தவர். நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். யோசித்துப் பாருங்கள், எங்கள் பூஞ்சணங்கள் குளிருக்கென்றே பிறந்தவை என்றார். பலவற்றை இந்த அறைச் சூட்டில் வைத்தாலே வாடிவிடும், மனித உடம்பின் சூட்டில் அவற்றால் வாழவே முடியாது என்றார். அது எனக்கும் தெரிந்த விஷயம்தான். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. எனக்கு மூச்சு வந்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

கதவுப் பிடியில் கை வைத்தபோதுதான் தட்டுகளைச் சூட்டில் வைக்கும் அந்த இன்குபேட்டர் பெட்டி நினைவுக்கு வந்தது.

ஜனவரி தொடக்கத்திலிருந்து எனக்கு ஒரு புது வேலை தரப்பட்டிருந்தது. இரண்டு இடத்துச் சேற்றிலும் கொஞ்சம் எடுத்து, தட்டுகளில் இட்டு, வேண்டுமென்றே மனித உடம்பின் சூட்டில் வைப்பது. துருவத்திலேயே பிறந்து வளர்ந்த பூஞ்சணம் அந்தச் சூட்டில் வளராது. அப்படியும் ஒன்று வளர்ந்தால், அது அனேகமாக மனிதனோடு போய்ச் சேர்ந்தது என்று சந்தேகிக்கலாம். சப்பாத்தில், சாப்பாட்டுப் பெட்டியில், கழிவுநீரில் போனது. தூரத்து விரிகுடாவின் தட்டுகளில் ஒன்றும் வளரவில்லை. இறங்குதுறைத் தட்டுகளில் ஒன்றில் வளர்ந்திருந்தது. முதலில் பஞ்சு போல வெள்ளையாக, பிறகு சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், வெல்வெட் துணி போல. நானே அதைப் பார்த்து, படம் எடுத்து, நல்ல முடிவு என்று சந்தோஷப்பட்டிருந்தேன்.

தலைவியையும் கூட்டிக்கொண்டு போய் இன்குபேட்டரைத் திறந்தேன். தட்டு மூடி, ஒட்டுநாடா சுற்றி, நான் வைத்தபடியே இருந்தது. அதற்குள் அந்தப் பச்சை இன்னும் பரவியிருந்தது. உடம்புச் சூட்டில், சுகமாக. என் கையால் துருவத்துச் சேற்றிலிருந்து எடுத்து வளர்த்தது. தலைவி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நான் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து இருந்துவிட்டேன்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பெண்மணி எதையும் மூடி மறைக்க நினைக்கவில்லை. ஆய்வுகூடத்தின் பெயர் கெட்டுவிடும், விசாரணை வரும், வேலை நின்றுவிடும் என்றெல்லாம் யோசிக்கக் காரணம் இருந்தது. ஆனால் அவர் அங்கேயே நின்று வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தார். இந்தத் தட்டில் இருப்பதையும் நோயாளியிடமிருந்து எடுப்பதையும் ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், நாங்கள் உடனே அனுப்புகிறோம் என்றார். பிறகு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். இந்த நிலையில் நீங்கள் எந்தத் தட்டையும் தொடக்கூடாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

முடிவு வரும்வரை காத்திருந்த நாட்களை நான் எப்படிச் சொல்வது? அவளுக்கு மூச்சு குறைந்தது. மூக்கில் ஒட்சிசன் குழாய் வைத்தார்கள். சிறுநீரகத்தின் இரத்தப் பரிசோதனையும் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகியது. ஒவ்வொரு காலையும் வைத்தியர் வரும்போது நான் அவருடைய முகத்தைத்தான் வாசிப்பேன். இந்த நோய் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது என்று தாதிகள் எனக்குச் சொன்னார்கள். ஆனாலும் நான் புதிதாகத் தோய்த்த உடுப்போடு, முகமூடியோடு, கட்டிலுக்கு எட்டத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். அவளுடைய கையைப் பிடிக்க எனக்குப் பயம்.

அவளுக்கு அது விளங்கவில்லை. ஏன் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று இரண்டு தரம் கேட்டாள். கடைசியில் சொன்னேன், முழுவதையும் சொன்னேன். இறங்குதுறைச் சேறு, உடம்புச் சூடு, பச்சைத் தட்டு. என்ர கையாலதான் உமக்கு வந்திருக்கும்போல என்றேன்.

"இஞ்சருங்கோ, வடதுருவத்தில இருந்து என்னைத் தேடி ஒண்டு வந்திருக்கெண்டால், அது எவ்வளவு மினக்கெட்டு வந்திருக்கும்" என்றாள். சிரிக்கப் போனாள், அது இருமலாக மாறியது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, கையை என் பக்கம் நீட்டினாள். "எனக்குப் பயமாக் கிடக்கு. கிட்ட வந்து இருங்கோ."

நான் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனேன். வேறு என்ன செய்ய முடியும்?

வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வேளை வீட்டிலேயே ஏதும் இருக்கலாம், வீட்டையும் பாருங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவர் சொன்னதை நான் நம்பவில்லை, ஆனால் எதையாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஆகவே தேடினேன். குளியலறை மூலைகள், அலுமாரிக்குப் பின்சுவர், குளிர்பெட்டிக் கதவின் ரப்பர், நிலவறையில் கிடந்த பழைய மெத்தை, பாண் பெட்டி. ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. எங்கள் வீடு ஆய்வுகூடத்தைவிடச் சுத்தம். சுத்தத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடியது. வீட்டில் இல்லை என்றால் அது என்னிடமிருந்துதானே வந்திருக்க வேண்டும்? என்னுடைய வேலைப் பையை எறிந்தேன். இரண்டு சோடிச் சப்பாத்தை எறிந்தேன். குளிர்கால ஜாக்கெட்டையும் எறிந்துவிட்டு, அடுத்த நாள் அந்தக் காற்றில் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனேன்.

அவளுக்கு வைத்தியசாலைச் சாப்பாடு இறங்கவில்லை. தேங்காய்ப்பாலில் சொதி வைத்துக் கொண்டுபோனேன். சமையலறை ஜன்னலோரம் நின்ற கறிவேப்பிலையில் நாலு இலை பறித்து, கழுவி, கொதிக்க வைத்துப் போட்டேன். வீட்டில் அவள் இல்லாமல் அதுவும் வாடியிருப்பது போலத் தோன்றியது. ஈரத்துணியால் அதன் இலைகளில் இருந்த தூசியைக்கூடத் துடைத்துவிட்டேன். அவள் பிள்ளை போல வளர்த்த மரம்.

ஒருநாள் மத்தியானம் நான் குளியலறை ஓடுகளை மறுபடி உரஞ்சிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவள்தான். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். தன் தமக்கை ஹம் நகரத்திலிருந்து அழைத்ததாகச் சொன்னாள். அதற்குப் பிறகு கேட்டாள்.

"கறிவேப்பிலைக்குத் தண்ணி விட்டனீங்களோ? புது மண் போட்டபடியால் அது கெதியாக் காயும்."

நான் தூரிகையைக் கீழே வைத்தேன். எப்போது புது மண் போட்டாள் என்று கேட்டேன்.

"பொங்கலுக்கு அடுத்த கிழமை. நீங்கள் வேலையில. இலையெல்லாம் மஞ்சளாப் போச்சுது, பாவமாக் கிடந்தது. பழைய மண் இறுகிப்போச்சு, கரண்டியால கிண்டிக் கிண்டித்தான் எடுத்தனான். ஜன்னலைத் திறந்தால் அதுக்குக் குளிரும் எண்டு எல்லாத்தையும் பூட்டிப்போட்டுத்தான் செய்தனான்."

தொலைபேசியைக் காதில் வைத்தபடி சமையலறை வாசலுக்கு வந்து நின்று பார்த்தேன். கடையில் வாங்கிய மண் மூட்டையின் மிச்சம், வாய் மடித்து, ஜன்னலுக்குக் கீழே இருந்தது. நான் அதைத் தாண்டித்தான் சொதி வைத்திருக்கிறேன். அதைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் அலுமாரிக்குப் பின்னால் தேடியிருக்கிறேன்.

"ஏன் கதைக்கிறியள் இல்லை?" என்றாள்.

அந்த மரம் வந்த கதை சின்னது. அவளுடைய தமக்கை கொடுத்த கன்று. கோடை முழுவதும் பல்கனியில் நிற்கும், குளிர் தொடங்கியதும் உள்ளே வந்துவிடும். இங்குள்ள எங்கள் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். அவளுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது கோடையில். தாதி கேட்டபோது அது பல்கனியில் நின்றது. ஒக்டோபரில் வழக்கம்போல நானே தூக்கி வந்து சமையலறையில் வைத்தேன். ஓர்கிட்டையும் கள்ளியையும் கணக்கு வைத்து அனுப்பிய எனக்கு, இது கணக்கிலேயே வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. எங்களுக்கு அது அழகுக்கு வைத்த செடி இல்லையே. உப்பு, புளி, கறித்தூள் மாதிரி ஒரு சமையல் சாமான். தாதி நூறு தரம் கேட்டிருந்தாலும் நாங்கள் நூறு தரமும் இல்லை என்றுதான் சொல்லியிருப்போம். பொய் சொல்லியிருக்க மாட்டோம். அதுதான் பயங்கரம்.

வைத்தியருக்கு உடனே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அடைத்த அறைக்குள் மண்ணைக் கிண்டியதும், இருமல் தொடங்கிய காலமும் பொருந்துகின்றன என்றார். பிறகு முகமூடி போட்டு, கையுறை போட்டு, ஆய்வுகூடத்தில் சேற்றை எடுப்பது போலவே, என் வீட்டுச் சட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்தேன். இத்தனை வருடம் உலகத்தின் அந்த முனையிலிருந்து வந்த சேற்றைத் தொட்டவன், அன்றுதான் குப்பியின் மூடியை மூன்று தரம் இறுக்கிப் பார்த்தேன். தலைவி தானே அதைத் தட்டில் இட்டு, உடம்புச் சூட்டில் வைத்தார். துருவத்துச் சேற்றில் ஏதாவது தலைகாட்டப் பல நாள் பார்த்திருப்பேன். எங்கள் வீட்டு மண் அடுத்தடுத்த நாளே தட்டை நிரப்பியது.

ஒப்பிட்டுப் பார்த்த முடிவும் வந்தது. இறங்குதுறைத் தட்டில் வளர்ந்தது வேறு வகை, தூரத்து உறவு என்று சொல்லலாம். அவளுடைய நுரையீரலில் இருந்தது சாதாரண மண்ணிலும் உக்கிய இலைகளிலும் எங்கும் வாழ்வது. எங்கள் சட்டியில் வளர்ந்ததும் அதே வகைதான். இந்தச் சட்டியிலிருந்துதான் வந்தது என்று நூற்றுக்கு நூறு அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வேறு இடத்தைத் தேட வேண்டியதில்லை என்றார் வைத்தியர். தொடங்கிய மருந்தே அதற்கு ஏற்ற மருந்து. பெயர் இருந்தது, மருந்தும் இருந்தது. நான் வைத்தியசாலை வாசலில், புகைபிடிக்கும் ஆட்களுக்கு நடுவில் நின்று அழுதேன்.

தலைவியிடம் போய் முடிவைச் சொன்னபோது, என்னால் ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்றேன். நான் இத்தனை கவனமாக இருந்தேனே என்றேன். அவர் இறங்குதுறைத் தட்டைக் கையில் எடுத்தார். அந்த நிலையத்தில் இருப்பவர்களும் மிகவும் கவனமான ஆட்கள்தான் என்றார். சப்பாத்து கழுவுவார்கள், பெட்டிகளைத் துடைப்பார்கள். "யாரும் வேண்டுமென்று கொண்டுபோவதில்லை. இல்லாமல் இருக்க முடியாது என்று நினைக்கிற சாமான்களோடுதான் அது போய்விடுகிறது" என்றார். பிறகு தட்டை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மனைவி தேறி வரப் பல மாதங்கள் ஆயின. மருந்து இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்ட, வைத்தியர்கள் அளவைக் கூட்டிக் குறைத்து, சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வருமுன் கறிவேப்பிலை வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. தமக்கை ஹம்மிலிருந்து வந்து, சட்டியைப் பெரிய பையால் சுற்றிக் கட்டி, ரயிலில் கொண்டுபோனா. ரயிலில் ஒரு ஜேர்மன்காரர் இது என்ன மரம் என்று கேட்டாராம், நல்ல வாசனை என்றாராம். வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து அதைக் கேட்டு மனைவி கொஞ்சம் அழுதாள். நானும் சும்மா இருக்காமல், மரத்துக்கு இப்ப ஹம்மில விசா கிடைச்சிட்டுது, அழாதையும் என்றேன். இப்போது தமக்கை மாதத்துக்கு ஒருமுறை இலைகளைக் கடித உறையில் போட்டு அனுப்புகிறா. பாதி காய்ந்துதான் வரும். ஆனாலும் உறையைப் பிரித்தால் வீடு முழுக்க மணக்கும். நான்தான் பிரிப்பேன், நான்தான் கழுவுவேன். அவள் அடுத்த அறையிலிருந்து, "வந்திட்டுதோ?" என்று கேட்பாள்.

ஆய்வுகூடத்தில் வேலை அப்படியே நடக்கிறது. தூரத்து விரிகுடாவின் தட்டுகள் உடம்புச் சூட்டில் இன்றைக்கும் வெறுமையாகவே இருக்கின்றன. முன்பெல்லாம் வெறும் தட்டைப் பார்த்தால் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று சலித்துக்கொள்வேன். இப்போது ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, இன்னும் யாரும் அங்கே போகவில்லை என்று மனதுக்குள் ஒரு நிம்மதி வருகிறது.

போன கிழமையும் டெர்மினுக்குப் போயிருந்தோம். அதே தாதி, அதே அன்போடு, வீட்டில் புதிதாக ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி, வாசலிலிருந்து சமையலறை ஜன்னல் வரை வீட்டை மனதால் ஒருமுறை நடந்து பார்த்த பிறகுதான் பதில் சொன்னேன்; கேட்டவுடன் இல்லை என்று சொல்ல எனக்கு இன்றும் பயமாகத்தான் இருக்கிறது.